கமலைத் தோல் ஏன் அழுகவில்லை?



தாமிரபரணிக் கரை வயல்களுக்குக் கால்வாய் நீர் பாய்கிறது. ஆற்றை விட்டு விலகிய நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்துப் புஞ்சைகளுக்குக் கிணறும் குளமும்தான் துணை. மின் மோட்டார் வருமுன் அங்கே மாடு பூட்டிக் கமலை இறைத்தார்கள். கமலைச் சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட 'வால்' ஒன்று இருக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தோல் நாளெல்லாம் கிணற்று நீரில் மூழ்கி மூழ்கி எழும். ஆயினும் எளிதில் அழுகாது. ஆட்டிலிருந்து உரித்த பச்சைத் தோலோ இரண்டு நாளில் நாறிவிடும். இரண்டும் தோல்தானே! இந்த வேறுபாடு எப்படி வந்தது?

பச்சைத் தோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதம். கயிற்றின் புரிகளைப் போல இதன் இழைகள் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. ஈரமும் புரதமும் சேர்ந்த இடம் பாக்டீரியாக்களுக்கு விருந்து. தோலை உலர்த்தினால் அழுகல் நிற்கும். ஆனால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தோல் பலகை போல விறைக்கும். பறைக்குக் கட்டுவது இத்தகைய பதனிடாத தோல்தான். ஈரக் காற்றில் அது தளர்ந்துவிடும். அதனால்தான் அடிக்குமுன் பறையைத் தீயில் காய்ச்சுகிறார்கள்.

உலர்த்துவது மட்டும் போதாது என்றால் வேறு என்ன செய்வது? விடை உங்கள் நாக்கிலேயே இருக்கிறது. கடுக்காயைக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிப்பது போலிருக்கும் அல்லவா? கடுக்காயிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். தோலிலும் இதே வேலைதான் நடக்கிறது. டானின் மூலக்கூறுகள் கொல்லாஜன் இழைகளைப் பல இடங்களில் பிணைக்கின்றன. அங்கிருந்த நீரை வெளியேற்றுகின்றன. பாக்டீரியாவின் நொதிகளால் அவ்விழைகளை எளிதில் சிதைக்க முடிவதில்லை. பச்சைத் தோல் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரிலேயே சுருங்கும். பட்டையால் பதனிட்ட தோல் 75 டிகிரிக்கு மேலும் தாங்கும்.

புஞ்சை ஓரங்களில் மஞ்சள் பூக்களோடு நிற்கும் ஆவாரஞ் செடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பட்டையில் டானின் மிகுதி. தமிழ்நாட்டின் பழைய பதனிடும் முறை இதுதான்:

1. உப்பிட்டுக் காத்த தோலை நீரில் ஊறவைத்துக் கழுவுவார்கள்.
2. சுண்ணாம்புக் கரைசலில் சில நாட்கள் இடுவார்கள். மயிரின் வேர் தளரும்; இழைகளும் சற்றே பிரிந்து இடைவெளி தரும்.
3. மயிரையும் ஒட்டிய சதையையும் சீவி, சுண்ணாம்பு போகக் கழுவுவார்கள்.
4. ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைப்பார்கள். முதலில் நீர்த்த சாறு. பிறகு படிப்படியாகச் செறிந்த சாறு.
5. புங்க எண்ணெய் தடவி, கடுக்காய்ச் சாற்றில் நனைத்து, நிழலில் உலர்த்துவார்கள்.

புதியவர்கள் தவறுவது நான்காம் படியில்தான். முதலிலேயே செறிந்த சாற்றில் போட்டால் மேற்பரப்பு விரைவில் இறுகிச் சாற்றை உள்ளே விடாது. வெளியே தோல் பதமாகத் தோன்றும். நடுவில் பச்சையாகவே இருக்கும். ஓரத்தைச் சிறிது வெட்டிப் பார்த்தால், குறுக்கே முழுவதும் ஒரே பழுப்பு நிறம் தெரியவேண்டும். அவசரப்படாமல் வாரக்கணக்கில் காத்திருந்த தொழிலாளிக்கு மூலக்கூறு என்ற சொல் தெரியாது. ஆனால் அதன் நடத்தை தெரியும். அந்த அறிவு படைத்தவர்களைச் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தோம். அவர்கள் பதனிட்ட தோலால் இறைத்த நீரை மட்டும் ஏற்றுக்கொண்டோம். இது நம் சமூகத்தின் குறை.

செய்து பாருங்கள்

முட்டை வெள்ளைக்கரு ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை எடுத்து, அரை டம்ளர் நீரில் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். இதை இரு கண்ணாடி டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு வடிகட்டி, ஒன்றில் சில சொட்டு விடுங்கள். மற்றதில் வெறும் நீரை விடுங்கள். முதல் டம்ளர் மட்டும் கலங்கித் திரிதிரியாகப் படியும். புரதத்தை டானின் பற்றியதற்கு இதுவே சான்று.

உண்மையான தோலில் முயல விரும்பினால் பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணையும் கையையும் புண்ணாக்கும். நோயுற்று இறந்த விலங்கின் தோலைத் தொடவே கூடாது. ஆந்த்ராக்ஸ் போன்ற நோய்கள் தொற்றலாம். கழிவு நீரைக் கால்வாயில் கொட்டாதீர்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட, ஆலைகளில் 30 முதல் 40 லிட்டர் வரை நீர் செலவாகிறது. உப்பும் குரோமியமும் கலந்த ஆலைக் கழிவுகளால் பாலாறு கெட்டது. அது குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டை முறையில் குரோமியம் இல்லை. ஆனால் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. தாமிரபரணி நாம் குடிக்கும் நீர் அல்லவா?

சிந்தியுங்கள்

1. கடுக்காய்ச் சாற்றை ஏன் ஆறவைத்துச் சேர்த்தோம்?
2. பறைக்குப் பதனிட்ட தோலைக் கட்டினால் ஓசை எப்படி இருக்கும்? ஏன்?