டோர் பீடிங்: இன்சூரன்ஸ் கை கொடுக்காத செலவை 30 நிமிடத்தில் தள்ளிப்போடுங்க

கார் செலவுன்னு சொன்னதும் ஈ.எம்.ஐ., பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் ஞாபகம் வரும். கதவைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர் யார் லிஸ்ட்லயும் இருக்காது. மெக்கானிக்குகள் இதை 'டோர் பீடிங்' என்பார்கள். மழைத் தண்ணீர், தூசி, காற்றுச் சத்தம் மூன்றையும் தடுப்பது இதுதான். இது காய்ந்து வெடித்தால் பில் யார் தலையில் விழும்? முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துடலாம்.

பில் ஏன் உங்களுக்கு?

மோட்டார் பாலிசி என்பது விபத்து, வெள்ளம், திருட்டு மாதிரி இழப்புகளுக்கு. தேய்மானம் அதில் விலக்கு. வெயிலில் காய்ந்த பீடிங் வழியாக மாதக்கணக்கில் தண்ணீர் கசிந்தால், க்ளெய்ம் கிடைக்கும்னு நம்ப வேண்டாம். விபத்தில் பீடிங் கிழிந்தாலும், சாதாரண பாலிசியில் ரப்பர் பாகங்களுக்கு 50% கழிப்பார்கள். 'ஜீரோ டெப்' இருந்தால் அந்தக் கழிவு இருக்காது. ஆனால் வயசாகிப் போன ரப்பருக்கு அதுவும் பணம் தராது.

அடுத்தது வரி. சொந்தக் காரின் ரிப்பேர் செலவை நம் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. (கம்பெனி கார், ரீஇம்பர்ஸ்மென்ட் எல்லாம் தனிக் கதை.) 30% ஸ்லாப், 4% செஸ் சேர்த்து 31.2%. அதாவது ₹10,000 பில் கட்ட நீங்க சுமார் ₹14,535 சம்பாதிக்கணும்.

உள்ளே வந்த தண்ணீரை கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோம் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கும். மேலே காய்ந்திருக்கும், கீழே ஈரம் இருக்கும். பூஞ்சை வாடை, தரைத் தகட்டில் துரு, ஒயரிங் கனெக்டர் கோளாறு எல்லாம் வரிசையா வரும். காரை விற்கும்போது அந்த வாடையே விலையைக் குறைச்சிடும்.

முதலில் டெஸ்ட்

ஒரு பழைய ரசீதைக் கதவு இடுக்கில் வைத்து மூடி, மெதுவா இழுங்க. இறுக்கமா வந்தா பீடிங் சரியா அழுத்துது. வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடத்தில் கவனம் தேவை. இப்படி நாலு கதவிலும் பல இடங்களில் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: மழையே இல்லாத நாளில் ஏ.சி. ஓட்டிய பிறகு முன்பக்க கார்ப்பெட் நனைந்தால், பீடிங்கைக் குறை சொல்லாதீங்க. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம்.

செய்முறை

1. கார் ஷாம்பூ கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, பீடிங்கை மடிப்பு விடாமல் துடைங்க. தூசி மேலேயே கிரீஸ் போட்டா அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.
2. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அடைப்பு இருந்தா எடுங்க.
3. நன்றாகக் காயவிடுங்க.
4. சிலிகான் கிரீஸை விரலில் தொட்டு மெல்லிசா தடவி, மிச்சத்தைத் துடைங்க.
5. ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் சேனலுக்கு சிலிகான் ஸ்ப்ரே போதும். அது வறண்டா கண்ணாடி திணறும், பவர் விண்டோ மோட்டாருக்குச் சுமை கூடும்.

முன் கண்ணாடியில் சிலிகான் பட விடாதீங்க. மழையில் வைப்பர் ஓடும்போது பார்வை மங்கும்.

இதெல்லாம் வேண்டாம்

வாசலின், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், தின்னர். பெரும்பாலான பீடிங் இ.பி.டி.எம். என்ற ரப்பரில் செய்தது. வெயிலையும் தண்ணீரையும் நல்லா தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போய் இளகிடும்.

இன்னொன்று: ஏற்கெனவே வெடித்த ரப்பரை எந்த கிரீஸும் ஒட்ட வைக்காது. கிழிந்திருந்தா மாத்துங்க. வெறுமனே கழன்றிருந்தா விளிம்பில் அழுத்தி உட்கார வைத்தாலே போதும்.

எப்போது?

மார்ச்சில் நிதியாண்டை முடிக்கும்போது ஒரு தடவை, கோடைக்கு முன்னாடி. செப்டம்பரில் இன்னொரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி. வெயிலில் நிறுத்துபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பண்ணுங்க. சில நூறு ரூபாய் டியூப் ஒன்று பல தடவைக்கு வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரசீது டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எந்தக் கதவு ஃபெயில் ஆச்சுன்னு வீடியோ கமென்ட்ல சொல்லுங்க!