வால்வெள்ளியும் கதிரவனும்

விண்ணில் தோன்றும் பொருள்களுள் வால்வெள்ளியைப்போல் மக்களை அச்சுறுத்தியது பிறிதொன்று இல்லை எனலாம். புகைக்கொடி என்றும் தூமகேது என்றும் நம் முன்னோர் அதனை வழங்கினர். அது தோன்றின் நாட்டிற்குத் தீங்கு நேரும் என்று அஞ்சினர். கற்றோரிடையே அவ்வச்சம் நீங்கிவிட்டது. எனினும், ‘வால்வெள்ளி கதிரவனையே கலக்குமோ?’ என்னும் புதியதோர் ஐயம் இக்காலத்தில் எழுந்துள்ளது. அவ்வையம் எழுந்த வகையையும் அதனைத் தீர்க்கும் வகையையும் ஈண்டுக் காண்போம்.

வால்வெள்ளி என்பது பனிக்கட்டியும் தூசியும் கலந்ததொரு கட்டி. வால்வெள்ளிகளுள் சில, கதிரவனை உரசுவனபோல் மிக நெருங்கிச் செல்லும். 1843, 1880, 1882 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய பெரிய வால்வெள்ளிகள் ஏறக்குறைய ஒரே வழியில் இவ்வாறு சென்றன. செருமானிய வானநூல் அறிஞர் கிராய்ட்சு அவற்றை ஆராய்ந்து, அவை முன்னொரு காலத்தில் உடைந்த ஒரே வால்வெள்ளியின் துண்டுகள் என்று காட்டினார்.

1995ஆம் ஆண்டில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் இணைந்து ‘சோகோ’ என்னும் விண்கலத்தை அனுப்பினர். அதிலுள்ள கருவியொன்று, கதிரவனின் வட்டத்தைத் தட்டினால் மறைத்து, அதன் சுற்றுப்புறத்தைப் படம்பிடிக்கும். 2011 அக்டோபர் 1ஆம் நாள், வால்வெள்ளியொன்று கதிரவனை நோக்கிப் பாய்ந்து மறைந்ததை அக்கருவி காட்டியது. அதனை அடுத்து, கதிரவனின் மறுபக்கத்தினின்றும் வெப்பவளித் திரளொன்று சீறி எழுந்தது. கண்டவர் பலரும், ‘முன்னது காரணம், பின்னது காரியம்’ என்று எண்ணினர்.

மாணவர்களே! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நீவிர் அறிவீர். பழத்தை வீழ்த்தியது காக்கையா, பழத்தின் முதிர்ச்சியா? ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் மட்டும் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணம் என்றல் பொருந்தாது. ஆராய்ந்தே முடிவு கூறல்வேண்டும்.

முதற்கண், வலிமையை நோக்குவோம். இவ்வாறு பாய்ந்து மறையும் வால்வெள்ளிகளுள் பெரும்பாலானவை சில பத்து மீட்டர் குறுக்களவே உடையவை. கதிரவன் அருகில் அவை வினாடிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் விரையும் என்பது மெய்யே. ஆயினும், அத்துணை விரைவிலும் அவற்றின் ஆற்றல், கதிரவனில் எழும் பெருஞ்சுடரொன்றின் ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் இராது. மேலும், அவை கதிரவனின் மேற்பரப்பை அடையுமுன்னரே ஆவியாகிவிடுகின்றன.

அடுத்து, காலத்தை நோக்குவோம். சோகோவின் ஆயிரமாவது வால்வெள்ளி 2005 ஆகஸ்டிலும், இரண்டாயிரமாவது 2010 டிசம்பரிலும் கண்டறியப்பட்டன. ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒன்று என இவை வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை கதிரவனை உரசுவனவே. சுடர்கள்தாமோ, ஏறத்தாழ பதினோராண்டுக்கு ஒருமுறை மிகுந்தும் குறைந்தும் வருவன. அவ்விடைக்காலத்துள் 2008ஆம் ஆண்டில் மட்டும் 266 நாட்கள் கதிரவன்மேல் ஒரு கரும்புள்ளியும் காணப்படவில்லை. சுடர்களும் மிக அரியவாயின. வால்வெள்ளிகளோ வந்தவண்ணம் இருந்தன. காரணம் இருந்தும் காரியம் இல்லையாயின், அது காரணமாதல் எங்ஙனம்? சுடர்கள் மிகும் ஆண்டுகளிலோ, ஒரே நாளில் பல சுடர்கள் எழுதலும் உண்டு. அக்காலத்தில் வால்வெள்ளியும் சுடரும் அடுத்தடுத்துத் தோன்றுதல் வியப்பன்று.

அங்ஙனமாயின், சுடருக்குக் காரணம் யாது? கரும்புள்ளிகளில் வலிய காந்தப்புலம் உண்டு என்பதை 1908ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஏல் கண்டறிந்தார். அப்புலம் முறுக்கேறி, தாங்கும் எல்லை கடந்து, திடீரென வடிவம் மாறுங்கால் தேங்கிய ஆற்றல் வெளிப்படுகின்றது. அதுவே சுடராகவும் வெப்பவளிச் சீற்றமாகவும் தோன்றுகின்றது. பழத்தின் முதிர்ச்சி இதுவே.

2011 டிசம்பரில், லவ்ஜாய் என்னும் வால்வெள்ளி கதிரவனின் மேற்பரப்பிற்கு மேல் ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர் தொலைவில் சென்று மீண்டது. சில நாட்களில் சிதைந்தும் போயிற்று. கதிரவனை அஃது அசைக்கவில்லை. கதிரவனின் காந்தப்புலமே அதன் வாலை அசைத்தது. அவ்வசைவைக்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அப்புலத்தின் போக்கை அறிஞர் ஆராய்ந்தனர்.

குற்றவாளி என ஐயுறப்பட்ட வால்வெள்ளி, இவ்வாறு உண்மைக்குச் சான்று கூறுவதாயிற்று. கண்டவுடன் துணியாது, ஆராய்ந்து துணிவார்க்கே இத்தகைய சான்றுகள் பயன்படும்.