ஐந்து முடிந்தது, ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

ஏப்ரல் கடைசியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். உள்ளூர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியிலேயே எட்டு வரை படிக்கட்டுமா, பஸ் ஏற்றி டவுன் அரசு மேல்நிலைப்பள்ளிக்கு அனுப்பலாமா, உதவிபெறும் பள்ளியா, கடன் வாங்கியாவது மெட்ரிக்கா? போன வருடம் என் தங்கை மகளுக்காக மூன்று பள்ளிகள் ஏறி இறங்கினேன். எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது அந்த அலைச்சலில்தான் எனக்குப் புரிந்தது.

"அங்கே ரிசல்ட் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால், அது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட். நடுநிலை வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதும் இல்லை. ஆகவே எந்த நடுநிலைப்பள்ளியைக் கேட்டாலும் தேர்ச்சி நூறு சதவீதம் என்றுதான் பதில் வரும். 2021 தேசிய அடைவு ஆய்வு, 2024 பரக் ஆய்வு ஆகியவையும் மாதிரிக்கு எடுத்த பள்ளிகளில் நடத்தி, மாவட்ட அளவில் முடிவு சொல்பவை. உங்கள் ஊர்ப் பள்ளி எப்படி என்று அவற்றில் தேடிப் பயனில்லை.

பள்ளி அளவில் கிடைக்கும் ஓர் எண், எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். "கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள்?" என்று கேளுங்கள். தேறியவர்களைவிட எழுதியவர்களின் எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பேன். வகுப்பில் பாதிப் பேரையாவது உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கும் பள்ளி, முதல் பெஞ்சோடு நின்றுவிடாத பள்ளி.

அடுத்து, யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி. தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கும். வகுப்புவாரியாக ஆண், பெண், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று கட்டம் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "அங்கே யார் யாரோ படிக்கிறாங்க" என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறவர்களை என் கண்ணால் பார்த்தேன். அது பெரிய தவறு. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் செய்யும் அநியாயமும்கூட. அந்தப் பட்டியலில் படிக்க வேண்டியது வேறு. ஆறாம் வகுப்பில் இருபது பெண்பிள்ளைகள், எட்டில் பதினொன்று என்றிருந்தால், அந்த ஒன்பது பேர் எங்கே என்று கேளுங்கள். ஆறில் இப்போதுதான் கூடுதலாகச் சேர்ந்தார்கள் என்றால் சரி. நடுவில் நின்றுவிட்டார்கள் என்றால், அவர்களைத் தேடி யாராவது வீட்டுக்குப் போனார்களா என்பது அடுத்த கேள்வி.

பெற்றோர் பள்ளி வாசலையே மிதிக்காத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் மதிப்பெண் குறைவாக இருக்கலாம். மாலையில் டியூஷன், வீட்டில் பேப்பர், படித்த அம்மா என்று எல்லாம் வாய்த்த பிள்ளைகள் எண்பது வாங்குவதையும், பள்ளியைத் தவிர வேறு துணையில்லாத பிள்ளை ஐம்பது வாங்குவதையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது. அந்த ஐம்பதில் ஆசிரியரின் உழைப்பு அதிகம்.

நான் போன பள்ளி ஒன்றில் நுழைவாசலிலேயே கரும்பலகையில் வகுப்புவாரியாகப் "பதிவு, வருகை" எழுதியிருந்தது. ஏழாம் வகுப்பு: பதிவு 26, வருகை 25. அன்று திங்கட்கிழமை, அதுவும் மழை. வராத ஒருவனுக்குக் காய்ச்சல் என்று வகுப்பாசிரியை கேட்காமலே சொன்னார். அனுமதி வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில் இருந்த பையனிடம் அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தி படிக்கச் சொன்னேன். 'ஒளிச்சேர்க்கை' என்ற இடத்தில் தடுக்கி நின்றான், விரலை வைத்துக் கூட்டினான், படித்துவிட்டான். ஜூனில் அவன் இரண்டெழுத்துச் சொல்லுக்கே திணறினானாம். இன்னொரு பள்ளியில் கட்டடம் பளபளவென்று இருந்தது. பலகையில் மூன்று நாளைக்கு முந்தைய தேதி.

ஆசிரியர் விஷயத்தில் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்; கணிதம்-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவராவது வேண்டும். கணக்குப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியா, மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். சிறிய நடுநிலைப்பள்ளிகளின் பலவீனம் இதுதான். டவுன் பள்ளியில் பாடத்துக்கு ஆள் இருப்பார், ஆனால் வகுப்பில் அறுபது பேர் இருக்கலாம். யூடைஸ் இணையதளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைப் போட்டால் மாணவர், ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை எண்ணிக்கை வரும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை நேரில்தான் பார்க்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் அதை முதலில் பாருங்கள்.

மெட்ரிக் பக்கம் சாய்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். உதவிபெறும் பள்ளி சேராது. கல்லூரியில் மாதம் ஆயிரம் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் ஆறிலிருந்தே கணக்கு. "ரெண்டு வருஷம் மெட்ரிக்கில் படிக்கட்டும், எட்டில் மாத்திக்கலாம்" என்ற யோசனை இங்கேதான் இடிக்கும்.

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளை வெறும் வயிற்றோடு போனால், மதிய உணவு மணி வரை பாடம் ஏறாது.

என் முடிவு இது: உள்ளூர்ப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இருந்து, வருகையும் நன்றாக இருந்தால், எட்டு வரை அங்கேயே விடுங்கள். அந்த இடம் காலியாகவே கிடந்தால் டவுன் அரசுப் பள்ளி. தங்கை மகள் உள்ளூரில்தான் சேர்ந்தாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதும் முன், ஒரு வேலைநாளில் பத்து மணி வாக்கில் இரண்டு பள்ளி வாசலிலும் நின்று, அந்தக் கரும்பலகையைப் படித்துவிட்டு வாருங்கள்.