மருந்தும் துவாவும்

கேள்வி: என் தம்பி இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான், தனியாகப் பேசுகிறான். ஜின் கோளாறு, ஏர்வாடி தர்காவில் தங்க வைப்போம் என்கிறார் உம்மா. மனநல டாக்டரிடம் போனால் தங்கச்சி கல்யாணம் தடைப்படும் என்று வாப்பாவுக்குப் பயம். என்ன செய்வது?
– வாசகி, கீழக்கரை

பதில்: இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இது மனநோயின் தொடக்கமாக இருக்கலாம். சிகிச்சை தாமதமானால் குணமாவதும் தாமதமாகும். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

உம்மாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். துவா தொடரட்டும், மாத்திரையும் தொடரட்டும். ஏர்வாடியிலேயே அரசு இரண்டையும் இணைத்து ஒரு திட்டம் நடத்தியிருக்கிறது. ஆனால் தனியார் காப்பகம் எதிலும் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது.

சிகிச்சை விவரத்தை டாக்டர் ஊருக்குச் சொல்ல முடியாது, அதே சட்டம் தடுக்கிறது. வாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வைத்தியம் பார்க்காமல் விட்டால்தான் ஊர் பேசும்.

ரமலானில் தானாக மருந்தை நிறுத்த வேண்டாம். பல மாத்திரைகளைச் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றித் தர முடியும். லித்தியம் போன்றவற்றில் நீர் குறைந்தால் ஆபத்து; நோன்புக்கு முன்பே டாக்டரைக் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.