சத்தம் போடாத பிழை
(கணினிப் பாடம்: ஒரு நிரலை வேறு மொழிக்கு மாற்றும்போது)

நம் பகுதியில் கணினி படிக்கும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். அவர்கள் வேலைக்குப் போனதும் முதலில் செய்ய வேண்டியிருப்பது புதிய நிரல் எழுதுவதாக இருக்காது. யாரோ முன்பு எழுதிய நிரலை வேறு மொழிக்கு மாற்றச் சொல்வார்கள். அதில் வரும் பிழைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, நம் மாலை வகுப்பில் செய்த ஒரு பயிற்சியைக் கொண்டு இந்த இதழில் பார்ப்போம்.

கல்வி உதவித்தொகையைக் கணக்கிடும் சிறிய நிரல் ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இருந்தது. ஜூன் மாத முடிவுக்குள் வந்த விண்ணப்பங்களை மட்டும் எடுத்து, கட்டணத்தில் பாதியை முழு ரூபாயாக்கிப் பட்டியல் தரும். அதைப் பைத்தானுக்கு மாற்ற வேண்டும் என்பதே பயிற்சி. சோதனைக்காகப் பத்து விண்ணப்பங்களை நாமே கற்பனையாக எழுதிக் கொடுத்தோம்.

சத்தம் போட்ட பிழை

மாணவர்கள் வரிக்கு வரி மாற்றி ஓட்டினார்கள். நிரல் உடனே நின்றுவிட்டது. எழுத்தை எண்ணால் வகுக்க முடியாது என்று பைத்தான் சொன்னது. காரணம் எளிது. கோப்பிலிருந்து படிக்கும்போது 1245 என்ற கட்டணம் எண்ணாக வருவதில்லை, எழுத்துத் தொடராகவே வருகிறது. அதை இரண்டால் வகுக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும். பைத்தான் அப்படிச் செய்யாது. நாம்தான் மாற்றித் தர வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார்கள். எந்த வரியில் தவறு என்று நிரலே காட்டிவிடுவதால் இத்தகைய பிழைகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஒரு ரூபாய் வித்தியாசம்

அடுத்த முறை நிரல் நிற்காமல் ஓடியது. "முடிந்துவிட்டது சார்" என்றார்கள். பழைய நிரலையும் அதே பத்து விண்ணப்பங்களுக்கு ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னோம். ஒரே ஒரு வரியில் வித்தியாசம் இருந்தது. பழையதில் 623, புதியதில் 622.

ஒரு ரூபாய்தானே என்று விட்டுவிடலாமா? காரணம் தெரியாத வித்தியாசம் எவ்வளவு சிறியதானாலும் விடக்கூடாது. 1245இல் பாதி 622.5. சரியாக அரை வரும்போது ஜாவாஸ்கிரிப்டின் முழுமையாக்கும் கட்டளை மேலே உள்ள எண்ணுக்குப் போகும். பைத்தான் 3இன் கட்டளையோ அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். எப்போதும் மேலேயே ஏற்றினால் பெரிய கணக்குகளில் கூட்டுத்தொகை ஒரு பக்கமாகச் சாயும். அதைத் தவிர்க்கவே இந்த முறை. இன்னொருவரின் கட்டணம் 1247. அதில் பாதி 623.5. இரண்டு மொழிகளும் 624 என்றே தந்தன. அதனால்தான் அந்த வரியில் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு முறைகளில் எதுவும் தவறில்லை. ஆனால் நமக்குத் தேவை பழைய விடை. எண்ணோடு அரையைக் கூட்டி, கீழுள்ள முழு எண்ணை எடுக்கும்படி மாற்றினோம். பத்து வரிகளும் பொருந்தின.

காணாமல் போன பெயர்

இப்போதாவது முடிந்ததா? சோதனையிலிருந்த பத்து விண்ணப்பங்களும் ஏப்ரல், மே மாதங்களில் வந்தவை. கடைசி நாள் ஜூன் 30 என்றால் அந்த நாளில் வந்த ஒன்றையும் சோதிக்க வேண்டாமா? பதினோராவதாக அப்படி ஒரு விண்ணப்பத்தைச் சேர்த்தோம். பழைய பட்டியலில் பதினொரு பெயர்கள். புதியதில் பத்துதான். பிழை என்று ஒரு செய்திகூட வரவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் தேதியில் மாத எண்ணைக் கேட்டால் ஜனவரிக்கு 0 என்று தரும். சி மொழியில் இருந்த இந்தப் பழக்கம் ஜாவா வழியாக அங்கே வந்தது. ஆகவே பழைய நிரலில் மாத எண்ணோடு 1 கூட்டியிருந்தார்கள். பைத்தானில் ஜனவரி என்றால் 1தான். மாணவர்கள் அந்தக் கூட்டலையும் அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் ஏப்ரல் 5 ஆனது, மே 6 ஆனது. இரண்டும் வரம்புக்குள் இருந்ததால் தப்பின. ஜூன் 7 ஆகி வெளியே போய்விட்டது.

இது பயிற்சி. உண்மைப் பட்டியலாக இருந்தால் ஜூன் மாதத்தில் விண்ணப்பித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உதவி கிடைத்திருக்காது. "கணினியில் உங்கள் பெயர் இல்லையம்மா" என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பியிருப்போம். அவரும் தன் மேல்தான் தவறு என்று நினைத்துப் போயிருப்பார். மற்றவர்களின் கணக்கு நம் கையில் ஓர் அமானிதம். நிரல் நிற்காமல் ஓடிவிட்டது என்பதால் அது சரியாகக் கணக்கிடுகிறது என்று ஆகிவிடாது.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை

1. புதிய நிரல் முழுமையாகச் சரிபார்க்கப்படும் வரை பழையதை அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் அளவுகோல்.

2. இரண்டுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, விடைகளை வரி வரியாக ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் போதாது.

3. முதலில் வேறுபடும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கின் நடுவில் உள்ள மதிப்பை இரண்டு நிரல்களிலும் அச்சிட்டுப் பாருங்கள். அங்கே பொருந்தினால் பிழை அதற்குப் பின்னால், பொருந்தாவிட்டால் முன்னால்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடியும் ஓட்டுங்கள்.

5. விளிம்புகளைச் சோதியுங்கள்: கடைசி நாள், பூஜ்யம், காலியான கட்டம், சரியாக அரை.

6. பழைய நிரலிலேயே தவறு இருப்பது தெரிந்தால் தனியாகக் குறித்து வையுங்கள். முதலில் பழைய விடையைக் கொண்டுவந்து முடியுங்கள், திருத்தம் பிறகு. இரண்டையும் கலந்தால் எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று தெரியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை "புரோகிராம் ஓடிவிட்டது" என்று மகிழ்ச்சியோடு வந்து சொன்னால் பாராட்டுங்கள். பிறகு, "எதோடு ஒப்பிட்டுப் பார்த்தாய்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.