ஆபரேஷன் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி, தங்கச்சி...

எடைக்குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு சந்தோஷமா இருக்கே. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா இப்பவே தேதி குறிக்க ஓடாதே. இதுல ரெண்டு பேர் சரின்னு சொல்லணும். ஒருத்தர் உன்னைத் தொட்டுப் பார்த்துச் சொல்ற டாக்டர். இன்னொருத்தர் உன்னைப் பார்க்கவே போறதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில உட்கார்ந்து உன் காகிதத்தை மட்டும் பார்ப்பார். மாடிப்படி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்குறதும், ராத்திரி நீ தூக்கம் கெட்டு எழுந்து உட்கார்றதும் அவருக்குத் தெரியாது. காகிதத்துல இருந்தா உண்டு, இல்லைன்னா கிடையாது. அதனால இன்னிக்கே ஒரு ஃபைல் வாங்கிப் பேர் எழுதி வெச்சுடு.

ரெண்டு பேரோட கணக்கும் ஒண்ணு இல்லைங்கிறதை முதல்ல புரிஞ்சுக்கோ. எடைக்குறைப்பு ஆபரேஷன் பண்ற, அதாவது பேரியாட்ரிக் டாக்டர்களோட அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து 2022-ல புது வழிகாட்டுதல் கொடுத்தாங்க. உயரத்தையும் எடையையும் வெச்சுப் போடுற கணக்கான பி.எம்.ஐ. 35-ஓ அதுக்கு மேலயோ இருந்தா வேற நோய் இல்லாட்டியும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-ல இருந்தே யோசிக்கலாம்னு அதுல இருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்குக் கொழுப்பு வயித்தைச் சுத்தித்தான் சேரும். மத்தவங்களைவிடக் குறைஞ்ச எடையிலேயே சர்க்கரை வந்துடும். டாக்டர் இதை வெச்சுத்தான் உனக்குச் சரின்னு சொல்லியிருப்பார்.

இன்ஷூரன்ஸ்காரங்க பார்க்கிறது, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல வகுத்துக் கொடுத்த பொது வாசகம். உன் பாலிசி புத்தகத்துல விலக்குகள் பட்டியலில் ஆறாம் எண்ணில், உடல் பருமன்னு தலைப்புப் போட்டு இருக்கும். தேடிப் படி. டாக்டர் ஆலோசனையில நடக்கணும், மருத்துவ நெறிமுறைப்படி இருக்கணும், வயசு 18 ஆகியிருக்கணும். பி.எம்.ஐ. 40-ஓ அதுக்கு மேலயோ இருக்கணும். 40 இல்லாம 35-ஓ அதுக்கு மேலயோ இருந்தா, நாலு நோய்ல ஒண்ணாவது கூட இருக்கணும்: பருமனால வந்த இதயத்தசைக் கோளாறு, இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்குள்ள வராத டைப் 2 சர்க்கரை. அதோட, ஆபரேஷன் இல்லாத மத்த வழியெல்லாம் முயன்றும் எடை குறையலைன்னும் இருக்கணும்.

முட்டி தேஞ்சு நடக்க முடியாம இருக்கிறவங்களுக்கும், பி.சி.ஓ.எஸ்.ஸோட வருஷக்கணக்கா போராடுற பொண்ணுங்களுக்கும் அந்த நாலுல இடமில்லை. இது நியாயமே இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். பி.பி.யும் கல்லீரல் கொழுப்பும்கூட அதுல இல்லை. ஆனா இன்னிக்கு இருக்கிற விதி இதுதான், இதுக்குத் தகுந்த மாதிரிதான் நாம தயாராகணும்.

அளவு எடுக்கிற அன்னிக்கு அக்கா சொல்றதை மறக்காதே. செருப்பைக் கழட்டு. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கிட்டுப் போ. குதிகால் சுவரை ஒட்டி நிக்கணும். இதென்ன சின்ன விஷயம்னு நினைக்காதே. 101 கிலோ இருக்கிற ஒருத்தி 160 செ.மீ. உயரம்னு எழுதினா பி.எம்.ஐ. 39.5 வருது, 158 செ.மீ.ன்னு எழுதினா 40.5 வருது. ரெண்டு செ.மீ. செருப்பு உயரத்துல 40 கைவிட்டுப் போயிடும். நான் கூட்டிச் சொல்லவோ குறைச்சுச் சொல்லவோ சொல்லலை, உள்ளதைச் சரியா அளக்கச் சொல்றேன். அளந்ததும் உயரம், எடை, பி.எம்.ஐ., தேதி நாலையும் டாக்டரோட லெட்டர்ஹெட்ல எழுதி, கையெழுத்தும் பதிவு எண் இருக்கிற முத்திரையும் வாங்கு. துண்டுச் சீட்டுல நர்ஸ் குறிச்சுக் கொடுக்கிற எடை போதாது.

இதை முதல் நாளே வாங்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி திரவ உணவுல வைப்பாங்க, அதுல சில கிலோ இறங்கும். எல்லையில நிக்கிறவங்களுக்கு அந்த எடைதான் காகிதத்துல இருக்குன்னா கேள்வி வரும். ஆரம்ப எடை எழுத்துல இருக்கட்டும், இன்ஷூரன்ஸ் முன் அனுமதியும் கைக்கு வரட்டும், அப்புறம் திரவ உணவைத் தொடங்கலாமான்னு டாக்டரையே கேட்டுக்கோ.

ஃபைலுக்குள்ள போக வேண்டியது இன்னும் இருக்கு. மத்த வழியெல்லாம் முயன்றாச்சுன்னு வாயால சொன்னா எடுபடாது. டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த சீட்டு, ஜிம் ரசீது, எடைக்காக டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு, ஒவ்வொரு தடவையும் குறிச்ச எடை எல்லாத்தையும் தேதி வரிசையில அடுக்கு. வாரம் ஒரு தடவை போடுற மௌஞ்சாரோ, வெகோவி மாதிரி ஊசி போட்டுப் பார்த்திருந்தா அந்த பில்லும் வேணும். சர்க்கரை இருந்தா ஹெச்.பி.ஏ.1.சி. ரிப்போர்ட் ஒண்ணு போதாது; மருந்து சாப்பிட்டும் குறையலைன்னு காட்ட ரெண்டு மூணு பழைய ரிப்போர்ட் தேவைப்படும். குறட்டை பலமா இருக்குன்னா ஸ்லீப் ஸ்டடி பண்ணிடு. தூக்கத்துல மணிக்கு 30 தடவை அல்லது அதுக்கு மேல மூச்சு தடைப்பட்டா அதைக் கடுமையான ஆப்னியான்னு சொல்வாங்க. இது இன்ஷூரன்ஸுக்கு மட்டும் இல்லைம்மா. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும்.

டாக்டர் கொடுக்கிற கடிதத்தை வாங்கினதும் அங்கேயே நின்னு படி. எந்த ஆபரேஷன், ஏன் வேணும், என்ன நோய் கூட இருக்கு, இதுவரைக்கும் என்ன முயற்சி நடந்துச்சு, இது இல்லைன்னா என்ன ஆபத்து, எல்லாம் இருக்கணும். அழகுக்காகங்கிற அர்த்தம் வர்ற ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது. எடை குறைஞ்சு தொங்குற தோலைப் பின்னாடி எடுக்கிற ஆபரேஷனைப் பொதுவா அழகு சிகிச்சைன்னுதான் தள்ளிடுவாங்க, அந்தச் செலவை இந்தக் கணக்குல சேர்க்காதே.

இப்போ பாலிசி. எடுத்து எத்தனை வருஷமாச்சுன்னு பாரு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024-ல இருந்து அதிகபட்சம் 36 மாசம்னு ஆயிருக்கு. பருமன் ஆபரேஷனுக்குன்னு தனியா ஒரு காத்திருப்பு, தனியா ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கிற பாலிசிகளும் உண்டு. காப்பீட்டுத் தொகை பத்து லட்சம்னு இருந்தாலும் இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவுதான்னு உள்ளே ஒரு வரி இருக்கலாம். ஆபீஸ் பாலிசின்னா ஹெச்.ஆர். கிட்ட மெயில் போட்டுப் பதிலை எழுத்துல வாங்கு. வாய்ப்பேச்சை நம்பி அட்மிட் ஆகாதே. வேலை மாறுற யோசனை இருந்தா ஆபரேஷன் முடிஞ்சு, அதுக்கப்புறம் வர்ற பில்லெல்லாம் பாஸானதும் மாறு.

ரூம் வாடகை விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இரு. பாலிசியில ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்னு வரம்பு இருக்கும்போது நீ 10,000 ரூபாய் ரூம் எடுத்தா, மிச்ச 5,000 மட்டும்தான் நம்ம தலையில விழும்னு நினைச்சுடாதே. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம்னு ரூமைப் பொறுத்து ஏறுற எல்லாத்துலயும் பாதி வெட்டுப்படும். எஸ்டிமேட் வாங்கும்போது ஸ்டேப்ளர் சேர்ந்திருக்கான்னு கேளு. இரைப்பையை வெட்டித் தைக்கிற அந்தக் கருவியும் அதோட கார்ட்ரிட்ஜும்தான் பில்லுல பெரிய தொகை. எத்தனை கார்ட்ரிட்ஜ்னு போட்டே எஸ்டிமேட் கேட்கலாம், தப்பே இல்லை.

பாலிசி எடுக்கும்போது விண்ணப்பத்துல என்ன எடை எழுதியிருக்குன்னும் பார்த்துடு. ஏஜென்ட்டே உத்தேசமா 65 கிலோன்னு நிரப்பிட்டுக் கையெழுத்து வாங்கிட்டுப் போறது நம்ம ஊர்ல சகஜம். அப்படி இருந்தா மறைக்காம கம்பெனிக்கு எழுதித் திருத்தச் சொல்லு. க்ளெய்ம் நேரத்துல அது வெளியே வந்தா, உண்மையை மறைச்சதா சொல்லி மொத்தத்தையும் நிராகரிக்க இடம் கொடுத்த மாதிரி ஆயிடும்.

கேஷ்லெஸ் கேட்டா ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு மூணு மணி நேரத்துல சொல்லணும்னு 2024-ல விதி வந்தாச்சு. இருந்தாலும் இது அவசர ஆபரேஷன் இல்லை. திரவ உணவு தொடங்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஃபைலை ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல கொடுத்துடு. அவங்க கூடுதல் காகிதம் கேட்டா தேட நேரம் இருக்கும். மறுத்துட்டா மனசு விடாதே. எந்த விதிப்படி மறுத்தாங்கன்னு எழுத்துல கேளு. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதணும். ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலும், வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் கிட்ட போகலாம். சென்னையில அலுவலகம் இருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனி கடைசியா மறுத்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். கையில நல்ல ஃபைல் இருக்கிறவங்களுக்கு அங்கே பேசத் தெம்பு வரும்.

ஆஸ்பத்திரி தேடும்போது விலையை மட்டும் பார்க்காதே. 2024-ல சென்னைப் புறநகர்ல இந்த ஆபரேஷனுக்குப் போன ஒரு இளைஞர் உயிரோட திரும்பலைங்கிற செய்தியைப் படிச்சு நாம எல்லாரும் பதறினோம். ஐ.சி.யூ. அந்தக் கட்டடத்துலயே இருக்கா, இந்த டாக்டர் இந்த ஆபரேஷனை வழக்கமா செய்றவரா, குண்டா இருக்கிறவங்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகின டாக்டர் யாரு, வீட்டுக்கு வந்தப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்தா யார் போன் எடுப்பாங்க? நேருக்கு நேரா கேளு. முகம் சுளிக்கிற இடம் நமக்கு வேண்டாம்.

எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொன்னா பயந்துக்காதே. நெஞ்செரிச்சல் அதிகமா இருக்கிறவங்களுக்கு ஸ்லீவ்ங்கிற வகை ஆபரேஷன் பண்ணினா எரிச்சல் கூடலாம், அவங்களுக்கு இரைப்பை பைபாஸ்ங்கிற வகை பொருத்தமா இருக்கலாம். அது உள்ளே பார்த்தாத்தான் தெரியும். ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துடுவாங்க, திரும்ப ஒட்ட முடியாது. அதனால எதுங்கிறதை டாக்டரோட பேசி, புரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு. மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்றதும் உன்னை வேற மாதிரி நினைச்சு இல்லை. கோபத்துலயும் அழுகையிலயும் சாப்பிடுற பழக்கம் இருந்தா இப்பவே பேசித் தீர்க்கிறது நல்லது.

சாப்பிடுற மருந்து எல்லாத்தையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, பட்டியல் போட்டு மயக்க டாக்டர் கிட்ட கொடு. அந்த வார ஊசி போட்டிருந்தா இரைப்பை மெதுவாத்தான் காலியாகும், கடைசியா எப்போ போட்டேன்னு அவருக்குத் தெரியணும். சர்க்கரை மாத்திரைகள்ல சிலதை மூணு நாலு நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. எதை, எப்போன்னு அவங்க சொல்றபடி மட்டும் செய்.

ஆபரேஷனுக்கு முந்தின ரெண்டு வாரம் திரவ உணவுதான் இருக்கிறதுலயே கஷ்டம். அதை ஏன் சொல்றாங்கன்னு தெரிஞ்சா தாங்கிக்கலாம். கல்லீரலோட இடது பக்கம் இரைப்பை மேல படுத்திருக்கும். கொழுப்பு சேர்ந்து பெருத்திருந்தா அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வேலை செய்யணும், ரத்தம் கசியலாம். இந்த ரெண்டு வாரத்துல அது சுருங்கிக் கொடுக்கும். அதனால கல்யாண சீசன்ல தேதி வாங்காதே. ஆடி மாசத்துல நல்ல காரியம் வேண்டாம்னு அத்தை சொல்வாங்க. ஆனா விருந்துக்குன்னு யாரும் கூப்பிடாத மாசம் அதுதான், நிதானமா எடுத்துச் சொல்லு.

சாப்பாட்டுப் பழக்கத்தை இப்பவே மாத்த ஆரம்பி. நம்ம வீட்ல தட்டு போட்டதும் பக்கத்துல தண்ணிச் சொம்பு வந்துடும். ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாட்டோட தண்ணி குடிக்கவே கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான். அதனால இன்னிக்கே சொம்பைத் தட்டுப் பக்கத்துல இருந்து எடுத்துடு. இருமல் மருந்து பாட்டில் மூடியில தண்ணி ஊத்தி, அதை மெதுவா உறிஞ்சிப் பழகு. முதல் நாட்கள்ல நீ குடிக்கப் போற அளவு அவ்வளவுதான். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணும். ரசம் சாதமும் இட்லியும் வெச்சு அது வராது. ஒரு முட்டையில ஆறு கிராம், நூறு கிராம் பன்னீர்ல சுமார் 18 கிராம், ஒரு டம்ளர் பால்ல ஆறு கிராம். முட்டை சாப்பிடாத வீடுன்னா புரதப் பவுடர் இல்லாம ஒப்பேற்ற முடியாது, டயட்டீஷியனைக் கேட்டு வாங்கு. தட்டுல எது இருந்தாலும் பருப்பு, முட்டை, மீன் முதல்ல, சோறு கடைசியில.

இதை வீட்ல எல்லாரும் இருக்கும்போது சொல்லமாட்டேன், உனக்கு மட்டும். எடை இறங்க ஆரம்பிச்சதும் மாதவிலக்கு சீராகும், பி.சி.ஓ.எஸ். இருக்கிறவங்களுக்குக் கூட எதிர்பாராம கரு தங்கிடும். ஆனா 12 முதல் 18 மாசம் வரைக்கும் கர்ப்பம் வேண்டாம்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க, சத்து பத்தாம குழந்தைக்குப் பாதிப்பு வரலாம்னு. பைபாஸுக்கு அப்புறம் கருத்தடை மாத்திரை சரியா உடம்புல சேராம போகலாம். என்ன பண்றதுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே மகப்பேறு டாக்டரைப் பாரு, மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ.

மாத்திரைச் செலவை மாச பட்ஜெட்ல இப்பவே ஒதுக்கி வை. வைட்டமின் பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் வாழ்நாள் முழுக்க. இரும்பும் கால்சியமும் ஒண்ணா போடாம ரெண்டு மணி நேரம் இடைவெளி விடணும். மூணாவது மாசத்துக்கு மேல முடி கொட்டும், பயந்துக்காதே, புரதத்தையும் மாத்திரையையும் விடாம இருந்தா திரும்ப வளரும். வாந்தி நிக்காம வந்தா மட்டும் காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடு. மூணாவது மாசம், ஆறாவது மாசம், ஒரு வருஷம்னு ரத்தப் பரிசோதனைத் தேதியைச் சமையல்கட்டு காலண்டர்ல இப்பவே எழுதிடு. டிஸ்சார்ஜுக்குப் பிந்தின பில்லை 60 நாள் வரைக்கும், சில பாலிசியில 90 நாள் வரைக்கும் கேட்டு வாங்கலாம். அந்த ரசீதுகளையும் அதே ஃபைல்ல போடு.