திங்கட்கிழமை ஏன் நெஞ்சு இறுகுகிறது?

காலில் முள் தைத்தால் என்ன நிகழும்? தைத்த இடம் சிவக்கும்; வீங்கும்; தொட்டால் சுடும்; வலிக்கும். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் இந்த நான்கு குறிகளையும் எழுதி வைத்தார். இதற்கு அழற்சி என்று பெயர். இதை நோய் என்று எண்ணிவிடாதீர்கள். உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை இது.

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் அணுக்கள் பல வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன! நம் உடலிலும் வெள்ளணுக்கள் இப்படித்தான் விரைகின்றன. அவற்றுக்கு வழிவிட இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிவதால் வீக்கம். இந்த ஆராய்ச்சியின் வழியே மெச்னிகாவுக்கு 1908இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

முள்ளை எடுத்துவிட்டால் சில நாளில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால், தினமும் அதே இடத்தில் முள் தைத்துக்கொண்டே இருந்தால்? அழற்சி ஓயாது. பகைவனுக்காக வைத்த படை சொந்த வயலையே மிதிக்கத் தொடங்கும். இதுவே நாட்பட்ட அழற்சி.

திருப்பூரை அடுத்த மங்கலத்திலும், பல்லடம், சோமனூர் பக்கங்களிலும் உள்ள மாணவர்களுக்கு இந்த முள் நன்கு தெரிந்ததே. அதுதான் பஞ்சுத் தூசி. விசைத்தறிக் கூடத்தில் ஒட்டடைகூட வெள்ளையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் மில்களில் தூசி இன்னும் மிகுதி. கண்ணுக்குத் தெரியும் பெரிய இழைகளை மூக்கு பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் மூச்சுக் குழல்களுக்குள் செல்கிறது. பருத்திச் செடியில் வாழ்ந்த பாக்டீரியாக்களின் உடைந்த சுவர்த் துணுக்குகளும் அதில் உண்டு. இவற்றுக்கு எண்டோடாக்சின் என்று பெயர். பாக்டீரியா இறந்து நெடுநாள் ஆகியிருக்கும். ஆனால் நம் காவல் அணுக்களுக்கு அது தெரியாதே! படையெடுப்பு என்றே எண்ணிப் போருக்குக் கிளம்பிவிடுகின்றன.

இதில் ஒரு விந்தை. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், இருமல் வரும். வாரம் செல்லச் செல்லக் குறையும். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளை ஆராய்ந்த டாக்டர் ஷில்லிங், இந்தத் திங்கட்கிழமைக் குறியைக் கொண்டே நோயின் படிகளை வகுத்தார். பிசினோசிஸ் என்பது நோயின் பெயர். வார இறுதியில் இறுக்கம் குறைவதைக் கண்டு, "தூசி பழகிப் போச்சு" என்பார்கள். மூச்சுக் குழல் அப்படிப் பழகுவதில்லை. ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலகினால் பெரும்பாலும் குணமாகும். பல ஆண்டுகள் கழிந்துவிட்டால் இழந்த மூச்சு முழுவதும் திரும்பாது.

பீடி, சிகரெட் புகை இதனோடு சேர்ந்தால் கேடு பன்மடங்கு. தூசி ஒரு முள், புகை இன்னொரு முள். தறிக்கூடத்தில் வேலை செய்யும் அண்ணனோ அப்பாவோ முதலில் விடவேண்டியது புகையைத்தான்.

அழற்சி ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. வயிற்றுக்குள் சேரும் மிகுதியான கொழுப்பு, ஈறில் தங்கிய அழுக்கு, தொடர்ந்து கெடும் தூக்கம் ஆகியவையும் மெல்லிய அழற்சியை வளர்க்கின்றன. சிவப்பு, வீக்கம் எதுவும் வெளியில் தெரியாது. இரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் என்ற பொருள் கூடியிருப்பதைக் கொண்டு டாக்டர்கள் இதை ஊகிக்கிறார்கள். இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் இது துணைபோகிறது. தினமும் அரைமணி நேர வேக நடை, கீரை, கொள்ளு, பயறு, கம்பு, பழம், இருவேளை பல் துலக்குதல், இரவு ஷிப்ட் முடிந்தபின் இருட்டறையில் முழுத் தூக்கம் – இவை எல்லாம் உதவும். ஈரோட்டு மஞ்சள் அழற்சியைத் தீர்க்கும் என்பார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. குழம்பில் போடுங்கள், மருந்தாக நம்பவேண்டாம். கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குவதோ வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் வழி.

ஆயினும், நல்ல பழக்கம் காற்றிலுள்ள தூசியைக் குறைக்காது. அது ஆலை முதலாளியின் பொறுப்பு. 1978இல் அமெரிக்க அரசு, நூற்பு ஆலைகளில் ஒரு கன மீட்டர் காற்றில் பஞ்சுத் தூசி 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், நெசவுப் பகுதியில் 0.75 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றும் விதித்தது. தூசி உறிஞ்சும் கருவிகள் வந்தன. அங்கே நோயும் வெகுவாகக் குறைந்தது. இயந்திரத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் படிந்த தூசி மீண்டும் மூக்குக்கே வரும். உறிஞ்சி எடுப்பதே சரி. முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் துண்டுகளில் வாசலைன் தடவுங்கள். ஒன்றைப் பெரியவர்கள் மூலம் தறிக்கூடத்தில் ஒரு ஷிப்ட் வைத்திருக்கச் சொல்லுங்கள். மற்றதை அதே நேரம் வீட்டில் வையுங்கள். பின்னர் இரண்டையும் கறுப்புத் தாள்மேல் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒட்டியுள்ள இழைகளை எண்ணுங்கள். நுரையீரலுக்குள் செல்லும் துகள்கள் அந்தக் கண்ணாடிக்கும் தெரியாத அளவு சிறியவை.